முதல் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த வடிகட்டி? மின்தடை உள்ள ஊரிலிருந்து ஒரு விவாத இழை

கேள்வி (பிப்ரவரி 8)

காரைக்குடியில் எங்கள் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. இதுவரை தங்கமீன் வளர்த்தேன். இனி அதைக் கடல்நீருக்கு மாற்றி ஒரு சோடி கோமாளி மீன் வளர்க்க ஆசைப்படுகிறேன். மணிக்கு 1200 லிட்டர் தள்ளும் கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று போதும் என்றும், புரோட்டீன் ஸ்கிம்மர் பவளம் வளர்ப்பவர்களுக்கு மட்டுமே தேவை என்றும் கடைக்காரர் சொல்கிறார். கையில் உள்ள பணத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். அண்ணன்மார் யாராவது எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு

தம்பி, எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் வீட்டில் ஒரே மூச்சில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் கரண்ட் போகும் என்பதைச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பராமரிப்புப் பணிக்காக அறிவித்துவிட்டுக் காலையில் நிறுத்தினால் பிற்பகலிலோ மாலையிலோதான் மின்சாரம் திரும்பும். கேனிஸ்டர் என்பது மூடிய பெட்டி. அதற்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் ஓடும் நீரிலிருந்துதான் ஆக்சிஜனைப் பெறுகின்றன. ஓட்டம் நின்றதும் பெட்டிக்குள் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அவையே தின்று தீர்த்துவிடும். சில மணி நேரத்தில் அவை சாகத் தொடங்கும், அங்கே தேங்கிய கழிவு அழுகும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகலாம். கரண்ட் வந்ததும் மோட்டார் முதல் வேலையாக அந்த நீரைத்தான் மீன்களின் மேல் கொட்டும்.

கேனிஸ்டர் கெட்ட கருவி என்று நான் சொல்லவில்லை. நன்னீர்த் தொட்டியில் அடிக்கடி பிரித்துக் கழுவுகிறவர் கையில் அது நல்ல கருவிதான். ஆனால் கடல்நீர், முதல் அனுபவம், நீண்ட மின்தடை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் அதை என் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன்.

பிப்ரவரி 9

கணக்கை முதலில் சரி செய்துகொள்வோம். உங்கள் தொட்டி சென்டிமீட்டரில் ஏறத்தாழ 90, 45, 45. விளிம்பு வரை நிரப்பினால் 182 லிட்டர் பிடிக்கும். விளிம்பில் விடும் இடைவெளி, மணல், கல் ஆகியவற்றைக் கழித்தால் உண்மையான நீர் 150 லிட்டர் அளவுதான். இனி நான் எழுதும் அளவுகள் எல்லாம் இந்த 150-ஐ வைத்தே.

பிப்ரவரி 9, மாலை

ஸ்கிம்மர் பவளத்துக்கு மட்டும் என்று கடைக்காரர் சொன்னதை ஏற்க முடியவில்லை. மற்ற வடிகட்டிகள் எல்லாம் அழுக்கைப் பிடித்து நீரோட்டத்திலேயே வைத்திருக்கின்றன. நீங்கள் கழுவும் வரை அது அங்கேயே அழுகி அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறிக்கொண்டிருக்கும். ஸ்கிம்மர் ஒன்றுதான் அழுக்கை அழுகுவதற்கு முன்பே நீரைவிட்டு வெளியே எடுக்கிறது. மிக நுண்ணிய காற்றுக்குமிழிகளை ஒரு குழாய்க்குள் ஏற்றினால், நீரில் கரைந்திருக்கும் புரதமும் கொழுப்பும் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, உச்சியில் உள்ள கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் வழிந்து சேரும். வாடைக்காற்று மாதங்களில் தொண்டிக் கரையில் ஒதுங்கும் நுரையும் இதே வேலையின் விளைவுதான். உப்பு நீரில் குமிழிகள் சிறியனவாகவும் நிலைத்தும் இருப்பதால்தான் இந்தக் கருவி கடல்நீரில் வேலை செய்கிறது; தங்கமீன் தொட்டியில் வைத்தால் வெறுமனே சத்தம் போடும்.

இன்னொரு பயன் உண்டு. அவ்வளவு காற்று நீரோடு கலப்பதால் ஆக்சிஜன் ஏறுகிறது. கோடையில் அதன் மதிப்பு தெரியும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவை நம்ப வேண்டாம். 150 லிட்டர் நீருக்கு, 250 அல்லது 300 லிட்டருக்கானது என்று விற்கப்படும் ஸ்கிம்மர்தான் பொருந்தும். மோட்டாரின் சுழலியில் ஊசி ஊசியாகப் பற்கள் உள்ள வகையைப் பாருங்கள். அதுதான் காற்றை நன்றாக நொறுக்கும்.

பிப்ரவரி 11

ராமேசுவரம் பக்கம் போனால் கரையில் கிடக்கும் பவளக் கற்களை ஒரு சாக்கில் அள்ளி வந்து போட்டுவிடலாம், அதுவே வடிகட்டி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி, மீதிப் பாதி சிறைக்குப் போகும் வழி.

சரியான பாதி: துளைகள் நிறைந்த கல்தான் கடல்நீர்த் தொட்டியின் உண்மையான வடிகட்டி. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் அதன் பரப்பில்தான் குடியேறுகின்றன. கல்லின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்த இடுக்குகளில் வாழும் வேறு சில, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாகவும் மாற்றிவிடும். கல் திறந்த தொட்டியில் இருப்பதால், கரண்ட் போனாலும் கேனிஸ்டருக்குள் இருப்பதைப் போல உடனே மூச்சு முட்டுவதில்லை.

தவறான பாதி: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் இடம்பெற்றுள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. செத்த பவளம்தானே, கரையில் ஒதுங்கியதுதானே என்ற வாதம் சோதனைச் சாவடியில் செல்லாது. கடற்குதிரையும் இதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால், யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் அதையும் மறுத்துவிடுங்கள்.

மாற்று வழி எளிது. மீன்தொட்டிக்கென்று விற்கும் துளையுள்ள பீங்கான் கட்டிகள், வளையங்கள், உலர்ந்த எரிமலைக் கல் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் போதும். இடிந்த வீட்டின் பழைய நாட்டு ஓடு நம் ஊரில் கிடைக்காத தெருவே இல்லை. மெருகோ வண்ணமோ பூசாத சுட்ட மண்ணாக இருந்தால், நன்றாகத் தேய்த்துக் கழுவி, சில நாட்கள் நல்ல நீரில் ஊறவைத்து அதையும் இடையிடையே அடுக்கலாம். ஆத்தங்குடி ஓட்டுத் துண்டுகளைப் போட வேண்டாம். அது சுட்ட மண் அல்ல, வண்ணம் சேர்த்த சிமெண்ட்.

பிப்ரவரி 12

செம்புராங்கல் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அதில் இரும்பு அதிகம், பாசிக்கு விருந்து வைத்ததாகும்.

பிப்ரவரி 15

முதல் நாள் எழுதியதை மறுபடி யோசித்ததில், கேள்வியின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. ‘இரண்டில் ஒன்று’ என்ற நெருக்கடி பணத்தால் வந்தது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. தொட்டி பழுக்க, அதாவது அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் குடியேறிப் பெருக, நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் கிடையாது, மீன் இல்லாதபோது ஸ்கிம்மருக்கு வேலையும் கிடையாது. ஆகவே இந்த மாதம் கல், மணல், ஒரு பவர்ஹெட் (தொட்டிக்குள் அலை எழுப்பும் சிறு மோட்டார்), நீரைச் சோதிக்கும் பரிசோதனைப் பெட்டி, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஆகியவை போதும். ஸ்கிம்மரை அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வாங்குங்கள். கேனிஸ்டருக்கு ஒதுக்கிய தொகையில் கீழ்த்தொட்டி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 16

கீழ்த்தொட்டி, அதாவது சம்ப், எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்தொட்டியின் நீர் வழிந்து கீழே உள்ள இன்னொரு தொட்டிக்கு வரும். அங்கே கல், ஸ்கிம்மர், ஹீட்டர் எது வேண்டுமானாலும் மறைவாக நிற்கும். ஒரு மோட்டார் நீரை மீண்டும் மேலேற்றும். அமைப்பு அவ்வளவுதான். உள்ளூரில் கண்ணாடி வெட்டி ஒட்டுபவரிடமே சொல்லலாம், இரண்டு தடுப்புகள் போதும்.

இதில் கவனம் முழுவதும் கரண்ட் நிற்கும் கணத்தில் இருக்க வேண்டும். மோட்டார் நின்றதும் மேலேற்றும் குழாய் தலைகீழாக இழுக்கத் தொடங்கும். அதன் வாய் நீருக்கு வெளியே வரும் வரை இழுப்பு நிற்காது. உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயர நீர் என்பது ஏறத்தாழ 4 லிட்டர். குழாயின் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் கீழே இறங்கும். 60, 30, 35 சென்டிமீட்டர் அளவில் கீழ்த்தொட்டி செய்து, அதில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினால், மேலே எஞ்சும் இடம் 27 லிட்டர். அந்த 20 லிட்டரும், வழிந்து வந்துகொண்டிருந்த கொஞ்சமும் அடங்கும். 30 சென்டிமீட்டருக்கு நிறுத்தினால் எஞ்சுவது 9 லிட்டர். மீதி வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்துக்குள், ஓடும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து இழுப்பு முன்னதாகவே அறுபடும். அந்தத் துளையை உப்பும் பாசியும் அடைத்துவிடும் என்பதால், அதை நம்பி இடம் ஒதுக்காமல் விடக்கூடாது. மீன் விடுவதற்கு முன்னால் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். எந்த அளவு வரை நிரம்புகிறது என்று பார்த்து, ஓடும்போது நிற்க வேண்டிய உச்ச மட்டத்தை மார்க்கரால் கண்ணாடியில் கோடு போட்டு வையுங்கள்.

மோட்டார் எவ்வளவு பெரியது? கீழ்த்தொட்டி வழியாக மணிக்கு 600 லிட்டர் ஓடினால் போதும், நீரளவில் நான்கு மடங்கு. நாலடி உயரம் ஏற்றும்போது தள்ளும் அளவு பாதியாகவும் குறையலாம் என்பதால், பெட்டியில் 1200 முதல் 1500 என்று போட்டிருக்கும் மோட்டாரை எடுங்கள். தொட்டிக்குள் அலைக்கு பவர்ஹெட் தனி. அந்த வேலையையும் மேலேற்றும் மோட்டார் தலையில் கட்டினால் வழிகுழாய் இரவெல்லாம் கொப்பளிக்கும், வீட்டில் தூக்கம் இருக்காது.

பிப்ரவரி 20

தேவகோட்டையிலிருந்து ஆச்சி ஒருவர், தம் வீட்டில் உள்ளது 60 லிட்டர் தொட்டிதான், இவ்வளவு ஏற்பாடும் அதற்கும் வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டியதில்லை, ஆச்சி. மேலே சொன்னவை 150 லிட்டருக்கு. 60 லிட்டருக்கு நல்ல கற்கள், காற்று மோட்டாரில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், வாரந்தோறும் 8 முதல் 10 லிட்டர் நீர் மாற்றம் ஆகியவை ஸ்கிம்மரின் வேலையைச் செய்துவிடும். ஸ்பாஞ்சின் பெருமை என்னவென்றால், மின்கலத்தில் ஓடும் சிறிய காற்று மோட்டாரே அதற்குப் போதும். ஆனால் சிறிய தொட்டியில் எதுவும் விரைவாக மாறும்: நீர் சுண்டினால் உப்பு ஏறும், ஒரு மீன் செத்தால் அம்மோனியா ஏறும். தொடங்குபவருக்குச் சிறிய தொட்டி எளிது என்று கடைகளில் சொல்வது விலையைப் பொறுத்தவரை மட்டும் உண்மை.

பிப்ரவரி 27

தொட்டி பழுப்பது பற்றி. நீரில் ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விடுவது பழைய வழி. செட்டிநாட்டு வீட்டில் இறாலை அழுக விடுவதற்கு வீட்டாரிடம் எப்படி அனுமதி வாங்குவீர்கள் என்பது உங்கள் திறமை. முடியாவிட்டால் அம்மோனியம் குளோரைடை அளவாகச் சேர்க்கலாம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுவதை ஒரு முறை பார்த்தால் போதாது. மறுபடி அம்மோனியா சேர்த்து, மறுநாளே அது மறைகிறதா என்று பாருங்கள்.

தங்கமீன் வளர்த்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடல்நீர்த் தொட்டியில் பிஎச், அதாவது நீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 8.1 முதல் 8.4 வரை இருக்கும். பிஎச் ஓர் அலகு ஏறினால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். பிஎச் 7-ல் தங்கமீன் தாங்கிய அதே அளவு இங்கே கொல்லும். நைட்ரைட் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. கடல்நீரில் உள்ள குளோரைடு அதன் நஞ்சைப் பெருமளவு தடுத்துவிடுகிறது.

மார்ச் 6

நீர் எங்கிருந்து என்ற கேள்வி. தொண்டியிலிருந்தோ தேவிபட்டினத்திலிருந்தோ கேன்களில் கொண்டு வரலாமா? கொண்டு வரலாம், ஆனால் பாக் விரிகுடா ஆழமற்றது, கரையோரம் கலங்கலானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவும் இறங்கிவிடும். இறால் பண்ணைகளின் கழிவு சேரும் இடத்தில் எடுக்கவே கூடாது. எடுத்து வந்தாலும் இருட்டில் தெளியவைத்து, வடிகட்டி, உப்பளவு பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். முதல் தொட்டிக்கு நான் பாக்கெட் உப்பையே சொல்வேன்: ஆர்ஓ நீரில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம், ஒப்படர்த்தி 1.025. சமையல் உப்பு, கல் உப்பு எதுவும் ஆகாது.

பரணில் இருக்கும் பித்தளை அண்டாவில் கலக்க வேண்டாம். தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே நத்தை, இறால் முதலான முதுகெலும்பில்லா உயிர்களைக் கொல்லும். பிளாஸ்டிக் டிரம் போதும். தங்கமீனுக்கு முன்பு தாமிரம் கலந்த மருந்து எதுவும் ஊற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது, வெயிலைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. 25 பாகை வெப்பத்தில் கடல்நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு. 30 பாகையில் 6.2. நன்னீரே 25 பாகையில் 8.2 தாங்கும். அதாவது கடல்நீர் மீன் தொடக்கத்திலிருந்தே குறைந்த ஆக்சிஜனில் வாழ்கிறது. வெப்பம் ஏறும்போது அதன் தேவை கூடுகிறது, கையிருப்பு குறைகிறது. இதில் மின்தடையும் சேர்ந்தால் முதலில் தீர்வது ஆக்சிஜன்தான், அம்மோனியா பிறகுதான் வரும்.

ஆகவே இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியது ஸ்கிம்மர் அல்ல. ஐந்து அல்லது பத்து வாட் எடுக்கும் பவர்ஹெட்டை, மேற்பரப்பு கலங்கும்படி திருப்பி வைத்து அதை இணையுங்கள். சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது. சதுர அலையில் இந்தச் சிறு மோட்டார்கள் உறுமும், சூடாகும்.

கீழ்த்தொட்டியின் மேல் ஒரு சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் நீர் சுண்டும். நாளுக்கு 3 லிட்டர் சுண்டினால் 150 லிட்டரில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 35.7 ஆகும், ஒரு வாரம் கவனிக்காவிட்டால் 40-ஐத் தாண்டும். ஈடு செய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ நீர் மட்டும், ஏனென்றால் போனது நீர்தான், உப்பு அங்கேயே இருக்கிறது.

ஏப்ரல் 15

வளவில் முற்றத்தை ஒட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. நேர்வெயில் பட்டால் பாசியும் சூடும் ஏறும். இரண்டாம் கட்டிலேயே நிழலான சுவரோரம் இருக்கட்டும். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். தெறிக்கும் உப்பு நீர் பூச்சுக்குள் ஏறினால் சுவர் பொரிந்து உதிரும். தரையில் ஆத்தங்குடி ஓடு இருந்தால் கீழ்த்தொட்டியை விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டில் நிறுத்துங்கள். இரும்பு ஸ்டாண்டு ஓரிரு ஆண்டுகளில் துருவெடுக்கும். பிளக் பாயின்ட்டுக்குப் போகும் ஒயர் எல்லாம் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவைக் கண்டால் தானாக அணைக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் கடல்நீர்த் தொட்டியை ஓட்டவே கூடாது. இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் மேற்கொண்டு விவாதிப்பதாக இல்லை.

மே 3

ஸ்கிம்மர் வாங்கிப் பொருத்தி மூன்று நாளாகியும் கிண்ணத்தில் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய ஸ்கிம்மரின் உட்புறத்தில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை நீங்க ஒன்று இரண்டு வாரங்கள் ஆகும். தொட்டியில் இன்னும் மீன் இல்லாததால் எடுக்க வேண்டிய அழுக்கும் குறைவு. அது நிற்கும் அறையில் நீர்மட்டம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மட்டம் ஏறி இறங்கினால் நுரையும் ஏறி இறங்கும், எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது. நுரை கழுத்தின் அடியில் உடைந்து, மெல்ல மேலேறும்படி வைத்தால் கெட்டியான கரும் நீர் சேரும். கழுத்தின் உட்புறத்தைச் சில நாட்களுக்கு ஒரு முறை துடையுங்கள்.

மே 19

கோமாளி மீன் வாங்கும்போது தொட்டியில் பிறந்து வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இவற்றின் இனப்பெருக்கத்தை வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததைவிடத் தொட்டியில் பிறந்தது தீவனத்துக்கும் இடத்துக்கும் எளிதில் பழகும். கடலில் இந்த மீன் அடைக்கலம் தேடும் கடல் சாமந்தி என்ற உயிர் இல்லாமலே மீன் நன்றாக வாழும் என்பதால், சாமந்தியை இப்போது வாங்க வேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்குத் தீவனத்தைக் கிள்ளிப் போடுவதே போதும்.

மே 20

புற ஊதா விளக்கு, பாஸ்பேட் நீக்கி, பாசி வளர்க்கும் தனி அறை ஆகிய மூன்றையும் கடைக்காரர் இப்போது பரிந்துரைக்கிறார் என்கிறீர்கள். இரண்டு மீன்களுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. பாசி அறை ஆசை வந்தால், கீழ்த்தொட்டியில் அதற்கு இடம் இருக்கிறது. காலர்ப்பா வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது திடீரென்று இனப்பெருக்கச் செல்களை வெளிவிட்டுக் கரைந்து, உறிஞ்சிய சத்தையெல்லாம் ஒரே இரவில் நீரில் கொட்டிவிடக்கூடும். அந்த மூன்றின் விலையில் இன்னொரு மேலேற்றும் மோட்டார் வாங்கி அலமாரியில் வையுங்கள். மோட்டார் கெடுவது பெரும்பாலும் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான்.